கார் ஷெட் கதவு (தாம்பரம், தென்சென்னைப் புறநகர்)

கார் ஷெட் கதவு என்பது வீடுகளில் வாகனம் நிறுத்தும் இடத்தை அடைக்கும் கதவு. அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் வீட்டோடு சேர்ந்த தனி அறையொன்றின் கதவாக இது வளர்ந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் அப்படிப்பட்ட தனி அறை அரிது. இங்கு அதே வேலையைச் சுற்றுச்சுவர் கேட், போர்டிகோ கிரில், ரோலிங் ஷட்டர் என்ற மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. திருட்டைத் தடுப்பதற்காக அமைந்த இக்கதவுகளுக்கு 2015, 2023 ஆண்டுகளின் வெள்ளங்கள் வேறொரு சோதனையை வைத்தன. சாலை மட்டம், வாசல் மட்டம், கதவின் எடை, துரு ஆகியவை பூட்டைப் போலவே முக்கியமானவை என்பது அதன் பிறகு பரவலாக உணரப்பட்டது.

பெயர்

தமிழ்நாட்டில் கார் நிறுத்தும் கூடம் பொதுவாகக் ‘கார் ஷெட்’ எனப்படுகிறது. ‘கேரேஜ்’ என்ற சொல் பெரும்பாலும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையையே குறிக்கும். இலங்கைத் தமிழிலும் ‘கராஜ்’ என்றால் பழுதுபார்க்கும் இடம். வீட்டு முகப்பில் கூரையிட்ட முற்றம் ‘போர்டிகோ’ என்றும், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே உள்ள வாகன நிறுத்துமிடம் ‘ஸ்டில்ட்’ அல்லது ‘ஸ்டில்ட் பார்க்கிங்’ என்றும் வழங்கப்படுகின்றன. பெரிய கேட்டுக்குள் ஆட்கள் மட்டும் நுழைவதற்கு அமைக்கும் சிறு கதவைப் பட்டறைக்காரர்கள் ‘விக்கெட் கேட்’ என்பர். கோயில், கோட்டைப் பெருங்கதவுகளில் உள்ள இத்தகைய சிறு வாயிலுக்குத் திட்டிவாசல் என்ற பழந்தமிழ்ப் பெயர் உண்டு.

மேலைநாட்டுத் தோற்றம்

மோட்டார் வண்டிக்கு முன் குதிரை வண்டிக்கும் குதிரைக்கும் தனிக் கூடம் இருந்தது. முதல் கார்கள் அக்கூடங்களிலேயே நிறுத்தப்பட்டன. கதவுகள் கீலில் வெளிப்புறம் திறக்கும் இரட்டை மரக்கதவுகள். பனி கொட்டும் நாடுகளில் கதவின் முன் பனி குவிந்தால் இவற்றைத் திறக்க முடியாது.

அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் 1921-ல் மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கதவை உருவாக்கினார். கிடைவாட்டில் பல துண்டுகளாகப் பிரித்த கதவு, இருபுறத் தண்டவாளங்களில் ஏறி உட்கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். 1926-ல் அவர் மின்சாரத்தால் இயங்கும் திறப்பானையும் அமைத்தார். கதவின் எடையைத் தாங்குவது சுருள்வில் எனப்படும் ஸ்பிரிங். கதவு இறங்கும்போது முறுக்கேறும் ஸ்பிரிங், ஏறும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. ஆகவே நூறு கிலோ எடையுள்ள கதவையும் ஒரு கையால் தூக்க முடிகிறது.

மின்கதவுகளில் குழந்தைகள் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து அமெரிக்க அரசு 1990-ல் ஒரு சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கதவுத் திறப்பான்கள் யாரும் சிக்கிக்கொள்ளாதவாறு பாதுகாப்பு அமைப்பு கொண்டிருக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது.

சென்னையில் வண்டிக்கூடம்

காலனியாட்சிக் காலச் சென்னையின் தோட்ட வீடுகளில் வண்டி, வீட்டு முகப்பின் தூண் மண்டபத்துக்குள் வந்து நிற்கும். ஆட்கள் இறங்கியபின் பின்பக்கத்தில் உள்ள லாயத்துக்குப் போகும். மழை படாமல் இறங்குவதற்கான அந்த முகப்பு மண்டபமே போர்டிகோ. கார் வந்தபின் லாயம் கார் ஷெட்டாக மாறியது. காரைக் காத்தது ஷெட்டின் கதவைவிடக் காவல்காரரும், தூரத்தில் இருந்த வெளிவாயிலுமே.

சிறிய மனைகளில் கட்டிய பிற்கால வீடுகளில் பின்பக்க ஷெட்டுக்கு இடமில்லை. போர்டிகோ என்ற பெயரும் வடிவமும் மட்டும் தங்கின. இறங்குவதற்கான இடம் காரை நிரந்தரமாக நிறுத்தும் இடமாயிற்று. போர்டிகோ மூன்று பக்கமும் திறந்தது. அதற்குக் கதவு கிடையாது என்பதால் காவல் பொறுப்பு சுற்றுச்சுவர் கேட்டுக்குச் சென்றது. தென்சென்னைப் புறநகரின் கார் ஷெட் கதவு வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது.

தாம்பரம் பகுதியின் வளர்ச்சி

1928-ல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்றும் அப்பகுதி சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. ரயிலை நம்பி வளர்ந்த குடியிருப்பு என்பதால் தொடக்கத்தில் இங்குப் பெரும்பாலான வீடுகளுக்குக் கார் தேவைப்படவில்லை. கேட் என்பது ஆளும் மிதிவண்டியும் நுழையும் அகலம்தான்.

பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961-ல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கு உருவானது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கார் தயாரிப்பு குறைவாக இருந்ததால், ஆலைக்கு அருகே வாழ்ந்தவர்களிலும் கார் வைத்திருந்தவர்கள் சிலரே. 1980-களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. பின்னர் அந்த நிலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 1993-ல் கார் தயாரிப்புக்கான தொழில் உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலைநகரில் ஃபோர்டும் உற்பத்தியைத் தொடங்கின. 2000-க்குப் பின் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் தாம்பரம், வேளச்சேரி, மேடவாக்கம் பகுதிகளில் வீடு வாங்கினர். கார் நிறுத்தும் இடம் வீட்டுத் திட்டத்தின் கட்டாயப் பகுதியானது இக்காலத்தில்தான். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது.

அரைக் கிரவுண்டு வீடும் கேட்டும்

சென்னையில் மனை ‘கிரவுண்டு’ கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. புறநகர் மனைகள் பெரும்பாலும் ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோதான். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் பக்க இடைவெளி போக, கார் நிறுத்தக் கிடைப்பது முன்பக்கத்தின் ஒரு மூலை மட்டுமே. எனவே தனி ஷெட் கட்டாமல் மாடி அறையின் அடியில் போர்டிகோ விடுவது வழக்கமாயிற்று.

கேட்டின் அகலத்தை முடிவுசெய்தது காரின் அகலம். மாருதி 800-ன் அகலம் 1.44 மீட்டர். அதற்காக எட்டடியில் வைத்த கேட் தாராளமாக இருந்தது. 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா 1.83 மீட்டர். பக்கக் கண்ணாடிகளையும், இருபதடித் தெருவில் திரும்ப வேண்டிய வளைவையும் சேர்த்தால் எட்டடி போதாது. இதனால் பத்தடி, பன்னிரண்டடி கேட்டுகள் வந்தன. இரண்டு கதவுகளும் உள்நோக்கித் திறந்தால் கார் நிற்கும் இடத்தைக் கதவே பிடித்துக்கொள்ளும். வெளிநோக்கித் திறந்தால் தெருவை மறிக்கும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகச் சுவரை ஒட்டி நகரும் ஸ்லைடிங் கேட்டும், நான்கு மடிப்பாக மடியும் கேட்டும் பரவின. கதவு அகலமானபோது எடையும் கூடியது. பராமரிப்புச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த எடையிலிருந்து வருபவை.

ரோலிங் ஷட்டர்

இரும்புப் பட்டைகளை ஒன்றோடொன்று கோத்து மேலே சுருட்டும் கதவு ரோலிங் ஷட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் கடைமுகப்புகளுக்காகப் பரவிய இவ்வகை, இந்தியாவில் கடை, கிடங்கு, பட்டறை ஆகியவற்றின் பொதுக் கதவாக நிலைத்தது. வீட்டின் தரைத்தளத்தில் சாலை ஓரமாக ஒரு கடையும் பின்னால் குடியிருப்பும் வைத்துக் கட்டும் வழக்கம் புறநகரில் உண்டு. வாடகைக்கு விடாதபோது அக்கடை கார் ஷெட்டாகிவிடும். தென்சென்னைப் புறநகரில் முழுதும் மூடிய கார் ஷெட் என்று சொல்லத்தக்கவற்றில் பல இவ்வாறு உருவானவை.

உலோக ரோலிங் ஷட்டருக்கான இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 6248. கையால் தூக்கும் வகை, பேரிங் இல்லாமல் சுமார் 8 சதுர மீட்டர் பரப்பு வரைக்கும், பேரிங்குடன் 12 சதுர மீட்டர் வரைக்கும் ஏற்றது என்பது கட்டுமானத் துறையில் பின்பற்றப்படும் அளவு. பத்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஷட்டர் சுமார் 7.4 சதுர மீட்டர் வருவதால் கை வகை போதும். அதைவிடப் பெரியதற்குப் பேரிங்கோ, சங்கிலியும் பற்சக்கரமும் கொண்ட அமைப்போ தேவை.

ஷட்டரின் உறுப்புகள் சிலவே. பட்டைகள், இருபுற வழிச்சட்டங்கள், அடிப்பட்டை, மேலே குழாய்த் தண்டு, தண்டில் ஸ்பிரிங், அதை மூடும் தகட்டு உறை. பழுதாகும் வரிசையும் ஏறத்தாழ நிலையானது. முதலில் அடிப்பட்டை துருவேறும். அடுத்து வழிச்சட்டத்தில் மண் அடைத்து ஷட்டர் கோணலாக ஏறும். கடைசியில் ஸ்பிரிங் தளரும். ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டர் தூக்கும்போது கனக்கும், விட்டால் தானே இறங்கும்.

தூண்தளமும் சட்டமும்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1972-ல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி 1974-ல் சட்டப்படியான அமைப்பானது. 2008-ல் அதன் இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019-ல் மாநிலம் முழுமைக்குமான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. புதிய அடுக்குமாடிக் கட்டடம் தன் வாகனங்களுக்குத் தன் மனைக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை. ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம்.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகள் தூண்தளத்தை அடைப்புகள் இல்லாத தளம் என்று வரையறுத்தன. வாகனம் நிறுத்தும் தூண்தளம் கட்டடப் பரப்புக் கணக்கில் சேராது. அதைச் சுவரும் ஷட்டரும் வைத்து அடைத்தால் கடையாகவோ குடியிருப்பாகவோ மாறிவிடும் வாய்ப்பு உண்டு. திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதைத் தடுக்கிறது. இதன் விளைவாக அடுக்குமாடியில் வாழும் கார் உரிமையாளர் தன் இடத்துக்குத் தனிக் கதவு வைக்க முடியாது. எட்டு அல்லது பத்துக் குடும்பங்களின் வாகனங்களை ஒரே வெளிகேட் காக்கிறது.

பொதுக் கேட்டின் பராமரிப்பும் பொதுச் செலவாகும். மாதப் பராமரிப்புத் தொகையில் மின்தூக்கி, தண்ணீர் லாரி, துப்புரவு ஆகியவற்றுக்குப் பிறகே கேட்டின் முறை வருகிறது. சக்கரம் தேய்ந்து கேட் இழுபடத் தொடங்கினால் முதலில் உணர்பவர் அதை நாள்தோறும் பலமுறை தள்ளும் காவலர். பழுது சரிசெய்யப்படும்வரை கூடுதல் எடையைத் தாங்குவது அவருடைய முதுகுதான்.

சாலை உயர்ந்த கதை

பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுவது சென்னையிலும் புறநகரிலும் நெடுங்காலம் நடந்தது. இருபது, முப்பது ஆண்டுகளில் சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்தன. இதை நேரடியாகக் காட்டுவது கேட்தான். வெளிநோக்கித் திறந்த கேட்டின் அடி சாலையில் இடிக்கும். கேட்டின் அடியை அறுத்துச் சுருக்குவது, கீலை உயர்த்தி வைப்பது, திறக்கும் திசையை மாற்றுவது எனத் தீர்வுகள் தொடர்ந்தன. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் பழைய அடுக்கைச் சுரண்டிய பின்னரே சாலை போட வேண்டும் என அறிவுறுத்தினார். அதற்கு முன் உயர்ந்த சாலைகள் உயர்ந்தபடியே இருக்கின்றன.

சாலைக்குத் தாழ்ந்த வீட்டில் மழைநீர் கேட்டின் வழியாகவே உள்ளே வரும். பலர் வாசலை உயர்த்தி, காருக்காகச் சாலைப் பக்கம் சரிவுமேடை கட்டினர். இச்சரிவுமேடைகள் மழைநீர் வடிகாலின் மேல் அமர்ந்து நீர் நுழையும் வாயை அடைத்துவிடுவதுண்டு. ஒரு வீட்டின் வாசல் பாதுகாப்பு தெருவின் வடிகாலைக் கெடுப்பதால் உள்ளாட்சி அமைப்புகள் அவற்றை ஆக்கிரமிப்பாகக் கருதி அகற்றுகின்றன. மனைக்குள்ளேயே சரிவை முடித்துக்கொள்வதே முறையான வழி. அரைக் கிரவுண்டு மனையில் அதற்கான நீளம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கி உயர்த்தும் தொழில் இப்பகுதியில் காலூன்றியதற்கும் இந்த மட்ட வேறுபாடே காரணம்.

வெள்ளமும் கதவும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகள் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நிறுத்தப்பட்டிருந்த கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினர். வீட்டுக் கதவைவிட மேம்பாலத்தின் உயரத்தை அவர்கள் நம்பினர்.

அந்த முடிவுக்கு அடிப்படையான கணக்கு எளிது. மூன்று மீட்டர் அகலக் கேட்டின் முன் 60 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் கேட்டின்மேல் விழும் அழுத்தம் சுமார் 540 கிலோ எடைக்குச் சமம். நீர் உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். சாதாரண கேட் இதைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. கேட்டின் அடியில் உள்ள இரண்டு, மூன்று அங்குல இடைவெளி வழியே நீர் உள்ளே புகுந்து இருபுறமும் மட்டம் சமமாவதால்தான் பல கேட்டுகள் உடையாமல் தப்புகின்றன. கேட் தப்பினாலும் கார் தப்புவதில்லை. சுமார் 30 செ.மீ. ஓடும் நீரே சிறிய காரை நகர்த்திவிடும். 60 செ.மீ. நீர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும்.

வெள்ளத்தில் கேட்டால் வரும் இன்னொரு ஆபத்து, அது திறக்காமல் போவது. வெளியே நீர் மட்டம் உயர்ந்து உள்ளே குறைவாக இருந்தால் வெளிநோக்கித் திறக்கும் கதவை நீரே அழுத்திப் பிடிக்கும். மின்மோட்டார் கேட்டுகள் மின்வெட்டில் நின்றுவிடும். வெள்ளக் காலத்தில் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவது வழக்கம். மோட்டாரிலிருந்து கேட்டை விடுவித்துக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி உண்டு. அது எங்கே உள்ளது என்பதை வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது.

வெள்ளத்துக்குப் பின் சில வீடுகள் வாசலின் இருபுறமும் சட்டம் பதித்து, தேவைப்படும்போது தகட்டையோ பலகையையோ செருகும் தடுப்புகளை அமைத்தன. இரண்டடிக்குக் குறைவான, விரைவில் வடியும் நீருக்கு இவை உதவும். கழிவுநீர்க் குழாய் வழியே பின்னோக்கி வரும் நீரையும் சுற்றுச்சுவரின் அடியில் கசியும் நீரையும் இவை தடுக்கா. நீரில் மூழ்கிய காரை உடனே இயக்கினால் எஞ்சின் உடையக்கூடும். எஞ்சினுக்கான கூடுதல் காப்பீட்டுப் பிரிவு இல்லாதவர்களுக்கு அச்செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை.

காற்று

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. கம்பி கேட் காற்றை விட்டுவிடும். முழுத் தகடு அடித்த கேட் பாய்மரம் போல் நிற்கும். மணிக்கு 108 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ அழுத்தம் விழும். பத்தடிக்கு ஆறடித் தகட்டு கேட்டில் அது 300 கிலோவைத் தாண்டும். தெருவில் செல்வோர் பார்க்காதபடி பிற்காலத்தில் கம்பி கேட்டின்மேல் தகடு அடித்தவர்கள் பலர். பழைய கீலும் தூணும் அந்தக் கூடுதல் காற்றுச் சுமைக்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல.

துருவும் பராமரிப்பும்

கடலோரத்தில் உள்ள கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவாக அரிக்கும். தாம்பரம் கடலிலிருந்து விலகியிருப்பதால் அங்கே துரு மெதுவாக வரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் காரைக் கழுவும்போது கேட்டின் அடியில் தெறிக்கும் நீரும், மழைக்குப்பின் தேங்கும் நீரும் அங்கு முக்கியக் காரணிகள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவின் பல இடங்களில் உலோக அரிப்பை அளந்து வரைபடமாக வெளியிட்டுள்ளது. கடலோர அரிப்பு உள்நாட்டைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும் என்பதை அத்தகைய அளவீடுகள் காட்டுகின்றன.

துரு முதலில் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பிடிக்கும். சதுரக் குழாயில் செய்த கேட்டின் உட்புறம், பற்றவைத்த மூட்டுகள், தூண் தரையில் புதையும் இடம், ஷட்டரின் அடிப்பட்டை ஆகியவை அவ்விடங்கள். குழாயின் அடியில் சிறு துளை இருந்தால் உள்ளே சேரும் நீர் வடியும். பெயிண்ட் அடிக்கும்போது அத்துளையை அடைத்துவிடுவது வழக்கமான தவறு. துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் சுரண்டி, தூசி துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சும் எனாமல் இரண்டு பூச்சும் அடிப்பது பொது முறை. துருவின்மேல் நேரடியாக அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்து உரியும்.

கீலுக்கும் சக்கரப் பேரிங்குக்கும் கிரீஸ் தேவை. ஷட்டரின் வழிச்சட்டத்தில் கெட்டிக் கிரீஸ் தடவினால் தெருப்புழுதி ஒட்டிக் களிம்பாகும். சட்டத்தைச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் விடுவது நல்லது. மேலைநாட்டு வீட்டுக் கதவு ஸ்பிரிங் பொதுவாக 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை எனில் அது ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. முறுக்கேறிய ஸ்பிரிங்கில் கதவின் எடை முழுவதும் விசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றுவது பயிற்சி பெற்ற ஷட்டர் மெக்கானிக்கின் வேலை. வீட்டார் கைவைக்கக் கூடாத உறுப்பு இது.

குழந்தைகளும் கேட்டும்

ஸ்லைடிங் கேட் தண்டவாளத்தைவிட்டு விலகிக் குழந்தைகள்மீது சரிந்த செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. சரியாக அமைந்த கேட் மூன்று இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கும். கீழே சக்கரமும் தண்டவாளமும், மேலே இருபுறமும் தாங்கும் உருளைகள், இரு கோடியிலும் தடுப்புக் கட்டைகள். கோடித் தடுப்பு உடைந்திருந்தால் கேட் மேல் உருளைகளைத் தாண்டி நகர்ந்து, பிடிப்பில்லாமல் சாயும். கேட்டின்மேல் ஏறி ஆடுவது குழந்தைகளின் விளையாட்டு என்பதால், கேட் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் மேல் உருளை பிடிக்கிறதா என்று பார்ப்பது அடிப்படைச் சோதனை. கோடித் தடுப்பை மீண்டும் பற்றவைக்க வெல்டருக்கு அரைமணி நேரம் போதும்.

பூட்டும் காவலும்

தமிழ்நாட்டில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. புறநகர்க் கேட்டுகளில் நெடுங்காலம் கொண்டியும் நாதாங்கியும் தொங்குபூட்டுமே இருந்தன. ஷட்டருக்கு இருகோடியிலும் கொக்கியும் பூட்டும் போடப்பட்டன. பூட்டு உறுதியாக இருந்தும் கொண்டியைத் தாங்கும் மெல்லிய தகடு பெயர்ந்துவிடுவது பொதுவான பலவீனம். கீலில் செருகிய கேட்டை மேல்நோக்கித் தூக்கினால் கழன்றுவிடும் என்பதால், மேல் கீலுக்கு மேலே ஒரு தடுப்புப் பற்றவைப்பு தேவை. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகமானது. கண்காணிப்புக் கேமராக்கள் பரவிய பிறகு கேட்டின் காவல் பணியில் ஒரு பகுதி அவற்றுக்கு மாறியது.

பருவமழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும். ஆகவே இப்பகுதியில் கேட், ஷட்டர் ஆகியவற்றின் ஆண்டுச் சோதனைக்கு ஏற்ற காலம் புரட்டாசி. சக்கரமும் கோடித் தடுப்பும், கீல், குழாயின் வடிதுளை, ஷட்டரின் அடிப்பட்டை, மோட்டாரின் விடுவிப்புச் சாவி, வாசலின் வெளியே உள்ள வடிகால் வாய் ஆகிய ஆறும் அப்போது பார்க்கப்பட வேண்டியவை. வாசல் மட்டம் சாலையைவிடத் தாழ்ந்த வீடுகளில் ஏழாவதாக ஒன்றும் உண்டு. பெருமழை எச்சரிக்கை வந்தால் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது அது.